வீட்டுச் சுவரில் நான்கு கிரேக்க எழுத்துகள்: சதா சகாய மாதா படத்துக்குள் இருக்கும் 1,600 ஆண்டு வழக்கு!

குத்தம்பாக்கத்திலிருந்து பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர் என்று எந்தப் பக்கம் கிளம்பினாலும் அந்தப் படம் எங்கேயாவது கண்ணில் பட்டுவிடும். கத்தோலிக்கக் குடும்பத்தின் ஹால் சுவரில், மாதக் காலண்டரில், ஷேர் ஆட்டோவின் கண்ணாடிக்குக் கீழே, பர்ஸுக்குள் ரேஷன் ரசீதோடு மடித்து வைத்த சின்ன அட்டையில். தங்க நிறப் பின்னணி. கருநீல முக்காடு போட்ட தாய். அவள் கையைப் பிடித்துக்கொண்டு எதையோ பார்த்து மிரண்டு திரும்பும் குழந்தை. பயத்தில் ஒரு கால் செருப்பு கழன்று, வாரோடு தொங்குகிறது. சதா சகாய மாதா. புதன்கிழமை நவநாளுக்குப் போகிறவர்களுக்கு இதற்கு மேல் வர்ணிக்கத் தேவையில்லை.

அடுத்த முறை பார்க்கும்போது மாதாவின் தலைக்கு இரு பக்கமும் உள்ள எழுத்துகளைக் கவனியுங்கள். ஒரு பக்கம் ஆங்கிலத்தில் எம், பி என்று எழுதியது போல இருக்கும். மறுபக்கம் நடுவில் கோடு போட்ட ஒரு வட்டம், அருகில் ஒய் போல ஒன்று. அச்சகத்தின் முத்திரையோ, ஓவியரின் கையெழுத்தோ என்று பலர் நினைப்பதுண்டு. இரண்டுமில்லை. அவை கிரேக்க எழுத்துகள். முதல் இரண்டும் 'மீத்தீர்' என்பதன் முதல், கடைசி எழுத்துகள். அடுத்த இரண்டும் 'தேயூ' என்பதன் முதல், கடைசி எழுத்துகள். சேர்த்துப் படித்தால் 'கடவுளின் தாய்'.

இந்த இரண்டு சொற்களுக்காக ஒரு பேரரசே பிளந்து நின்றது. பதவிகள் பறிபோயின, பள்ளிகள் மூடப்பட்டன. பல நூற்றாண்டுகள் கழித்துக் கேரளத்தில் ஓலையும் தாளும் எரிந்தன. வழக்கில் தோற்றவர்களின் வழித்தடம் மவுண்ட்-பூந்தமல்லி சாலையின் அந்தக் கோடியில், பரங்கிமலை உச்சியில் இன்னும் கல்லாக நிற்கிறது. ஜெயித்தவர்களின் படம் நம் வீட்டுச் சுவரில்.

தங்களை 'பைசாந்தியர்' என்று சொல்லிக்கொள்ளாத பைசாந்தியர்கள்

பள்ளிக்கூட வரலாற்றுப் புத்தகத்தில் ரோமப் பேரரசு 476-ல் முடிந்துவிடும். முடிந்தது மேற்குப் பாதி மட்டும்தான். கிழக்குப் பாதி அதற்குப் பிறகும் ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகள் ஓடியது. பேரரசர் கான்ஸ்டன்டைன் 330-ல் பைசாந்தியோன் என்ற பழைய கிரேக்க ஊரைப் புதுத் தலைநகராக்கினார். அது கான்ஸ்டாண்டிநோபிள் ஆனது, இன்றைய இஸ்தான்புல். 1453 மே 29 அன்று துருக்கிய சுல்தான் இரண்டாம் மெஹ்மத்தின் படை மதிலை உடைத்து நுழையும்வரை, அங்கிருந்த மக்கள் தங்களை ரோமர் என்றுதான் சொல்லிக்கொண்டார்கள். பேசியது கிரேக்கம், வணங்கியது கிறிஸ்துவை, சட்டம் ரோமச் சட்டம். 'பைசாந்தியர்' என்ற பெயர், பேரரசு விழுந்து நூறு ஆண்டுக்குப் பிறகு ஜெர்மானிய அறிஞர் ஹியரோனிமஸ் வுல்ஃப் 1557-ல் வெளியிட்ட நூல் வழியாகப் பரவியது. செத்துப்போனவர்களுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் பெயர் வைத்தது போலத்தான்.

ஹாகியா சோபியா என்ற மாபெரும் ஆலயம், ஜஸ்டினியன் தொகுத்த சட்டம், தங்கப் பின்னணியில் வரையப்படும் புனிதப் படங்கள் என்று அவர்கள் விட்டுப்போனவை ஏராளம். இவற்றில் கடைசியாகச் சொன்னதுதான் குத்தம்பாக்கம் வரை வந்து சேர்ந்திருக்கிறது. ஆனால், படம் வந்து சேர்வதற்கு வெகுகாலம் முன்பே சண்டை வந்துவிட்டது.

எபேசு, 431: தாய்க்கு என்ன பெயர்?

428-ல் கான்ஸ்டாண்டிநோபிளின் பேராயராக வந்தவர் நெஸ்தோரியஸ். நல்ல பேச்சாளர், கொஞ்சம் அவசரக்காரர். மக்கள் மரியாவை 'தியோடோகோஸ்', அதாவது தெய்வத்தைப் பெற்றவள் என்று அழைப்பது அவருக்கு உறுத்தியது. ஆதியும் அந்தமும் இல்லாத கடவுளுக்கு ஒரு பெண் எப்படித் தாயாக முடியும்? இயேசுவின் மனிதத் தன்மைக்குத்தானே அவள் தாய்? 'கிறிஸ்டோடோகோஸ்', கிறிஸ்துவைப் பெற்றவள் என்று சொன்னால் போதாதா என்றார்.

கேட்பதற்கு இலக்கணத் திருத்தம் போலத்தான் இருக்கிறது. ஆனால், எதிர்ப்பக்கம் வைத்த கேள்வியில் நியாயம் இருந்தது. மரியா பெற்றெடுத்த குழந்தையும் கடவுளும் வேறு வேறு ஆள்களா? பசித்து அழுததும் சிலுவையில் துடித்ததும் ஒரு மனிதன் மட்டும்தான் என்றால், கடவுள் நம் துன்பத்துக்குள் வரவே இல்லையா? அலெக்ஸாண்ட்ரியாவின் பேராயர் சிரில் இதைக் கையில் எடுத்தார். அரண்மனைக்குள்ளும் நெஸ்தோரியஸுக்கு ஓர் எதிரி இருந்தார்: பேரரசர் இரண்டாம் தியோடோசியஸின் அக்கா புல்கேரியா. கன்னிமை விரதம் எடுத்தவர், மரியாவின் மீது தீராத பக்தி கொண்டவர், தம்பியின் ஆட்சியில் செல்வாக்கு மிக்கவர்.

பேரரசர் எபேசு நகரில் சங்கத்தைக் கூட்டினார். இன்றைய துருக்கியின் மேற்குக் கரை அது. நெஸ்தோரியஸுக்கு ஆதரவான அந்தியோக்கியா ஆயர்கள் வழியில் தாமதமாக, சிரில் காத்திருக்கவில்லை. 431 ஜூன் 22 அன்று கூட்டத்தைத் தொடங்கி, அன்றே நெஸ்தோரியஸைப் பதவியிலிருந்து நீக்கிவிட்டார். முடிவைக் கேட்ட ஊர் மக்கள் தீப்பந்தம் ஏந்தி, பெண்கள் தூபம் காட்டி, ஆயர்களை வீடுவரை கொண்டுபோய் விட்டார்கள். சில நாள் கழித்து வந்து சேர்ந்த அந்தியோக்கியா அணி தனியாகக் கூடி, சிரிலைப் பதவி நீக்கியது! குழம்பிப்போன பேரரசர் முதலில் இரண்டு தீர்ப்பையும் ஏற்று இருவரையும் காவலில் வைத்தார். அடுத்த சில மாதங்களில் சிரில் தரப்பிலிருந்து அரண்மனை அதிகாரிகளுக்குத் தங்கமும் கம்பளங்களும் தந்த நாற்காலிகளும் போயின. பட்டியலே இன்றும் கிடைக்கிறது. சிரில் ஊர் திரும்பினார். நெஸ்தோரியஸ் நாடு கடத்தப்பட்டு, எகிப்துப் பாலைவனத்தின் சோலையொன்றில் கடைசிக் காலத்தைக் கழித்தார்.

வழக்கு முடிந்தது, தோற்றவர்கள் முடிந்துபோகவில்லை. எதெஸ்ஸா நகரில் அந்தியோக்கியா சிந்தனையை வளர்த்த புகழ்பெற்ற பள்ளியை 489-ல் பேரரசர் ஜீனோ மூடினார். ஆசிரியர்களும் மாணவர்களும் எல்லை தாண்டிப் பாரசீகத்தின் நிசிபிஸ் நகருக்குப் போனார்கள். அங்கே ஏற்கெனவே தனித்து இயங்கிய கிழக்குத் திருச்சபை அவர்களை ஏற்றுக்கொண்டது. எதிராளிகள் அந்தச் சபைக்கு வைத்த பெயர் 'நெஸ்தோரியன்'. சபையார் அதை விரும்புவதில்லை.

எதெஸ்ஸா என்ற பெயர் சென்னைக்காரர்களுக்கு முக்கியம். மயிலாப்பூரில் அடக்கம் செய்யப்பட்டதாக நம்பப்படும் புனித தோமாவின் எலும்புகள் அங்கேதான் கொண்டுபோகப்பட்டன என்பது பழைய மரபு. எகேரியா என்ற பெண் பயணி 384 வாக்கில் எதெஸ்ஸாவுக்குப் போய் தோமாவின் திருத்தலத்தைப் பார்த்து எழுதியிருக்கிறார்.

மிளகுக்கு வந்த காசு

சரி, பாரசீகத்துக்குப் போன சபை தெற்கே எப்படி வந்தது? கப்பலில்.

ரோமர் என்றாலே நமக்குச் சங்க கால யவனரும் முசிறியும்தான் நினைவுக்கு வருகின்றன. வணிகம் அதோடு நிற்கவில்லை. மதுரையில் வைகை மணலிலும், கரூரில் அமராவதி ஆற்றுப் படுகையிலும் நான்காம், ஐந்தாம் நூற்றாண்டுச் செப்புக் காசுகள் ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. தியோடோசியஸ், அர்காடியஸ், ஹொனோரியஸ் காலத்தவை. விரல் நுனியில் ஒட்டிக்கொள்ளும் அளவுக்குச் சின்னவை, தேய்ந்தவை. மணல் சலிப்பவர்கள் எடுத்துப் பழைய உலோக வியாபாரியிடம் எடைக்குப் போட்டுவிடுவது வழக்கமாக இருந்தது. நாணயவியல் அறிஞரும் 'தினமலர்' ஆசிரியராக இருந்தவருமான இரா. கிருஷ்ணமூர்த்தி இவற்றைத் தேடிச் சேர்த்து, கரூர், மதுரைக் காசுகள் பற்றி 1994-ல் தனி நூலே வெளியிட்டார். அவர் மெனக்கெடாமல் இருந்திருந்தால் இதில் பெரும்பகுதி உருகிப் பாத்திரமாகியிருக்கும். தங்கக் காசுகளும் உண்டு. கர்நாடகத்தின் அக்கி ஆலூர் புதையலில், எபேசு சங்கத்தைக் கூட்டிய அதே இரண்டாம் தியோடோசியஸின் தங்கக் காசுகள் கிடைத்தன.

ஆறாம் நூற்றாண்டில் நிலைமை மாறியது. பாரசீக வணிகர்கள் துறைமுகங்களில் முன்கூட்டியே வந்து உட்கார்ந்து, சரக்கு மொத்தத்தையும் வாங்கிவிடுவார்கள். பட்டுக்காகத் தவித்த பேரரசர் ஜஸ்டினியன், எத்தியோப்பிய மன்னரிடம் தூதனுப்பி 'நீங்கள் இந்தியர்களிடம் வாங்கி எங்களுக்கு விற்றுவிடுங்கள்' என்று கேட்டுப் பார்த்தார். பலிக்கவில்லை, பாரசீகர்கள் விடவில்லை என்று அக்கால வரலாற்றாசிரியர் புரோகோபியஸ் எழுதுகிறார். கடைசியில் இந்தியாவிலிருந்து வந்த துறவிகள் சிலர் பட்டுப்புழு முட்டைகளையே கடத்திக்கொண்டுபோய்க் கொடுத்த பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது. (அந்தக் காலத்து எழுத்தில் 'இந்தியா' என்றால் எத்தியோப்பியாவும் யேமனும்கூட வரும். எல்லாவற்றையும் நம் கணக்கில் எழுதிவிட முடியாது.)

இதற்கு மண்ணுக்குள்ளும் சாட்சி உண்டு. இந்திய அகழாய்வுகளில் 'ரோம ஆம்போரா' என்று சீட்டு ஒட்டி வைத்திருந்த மதுச்சாடித் துண்டுகளை ராபர்ட்டா டாம்பர் என்ற மண்பாண்ட ஆய்வாளர் மறுபடி எடுத்துப் பார்த்தார். அவற்றில் பல ரோமச் சாடிகளே அல்ல, மெசப்பொட்டேமியாவில் செய்த 'டார்பிடோ' வகைச் சாடிகள் என்று 2007-ல் எழுதினார். வாங்க வந்தவர் ரோமர் என்று நாம் நினைத்த பல இடங்களில் வந்து இறங்கியது பாரசீக வளைகுடாக் கப்பல்.

அந்தக் கப்பல்களில் சரக்கோடு குருமார்களும் வந்தார்கள். இதைக் கேட்டறிந்து எழுதி வைத்தவர் காஸ்மஸ். அலெக்ஸாண்ட்ரியா வணிகர், பிற்பாடு துறவி. உலகம் தட்டையானது, மேலே கூடாரம் போல வானம் மூடியிருக்கிறது என்று நிரூபிக்கவே 550 வாக்கில் ஒரு பெரிய நூல் எழுதினார். நிரூபிக்க வந்தது தப்பு. போகிறபோக்கில் சொன்ன தகவல்களோ பொக்கிஷம். மிளகுக்கொடி மரத்தைப் பற்றி ஏறுவதை வர்ணிக்கிறார். தேங்காயைச் சொல்கிறார். மலபார் துறைமுகங்களை வரிசையாகச் சொல்கிறார். கிழக்குக் கரையில் சங்கு ஏற்றுமதியாகும் ஊரையும், 'காபெர்' என்ற துறைமுகத்தையும் குறிப்பிடுகிறார். காபெர் என்பது காவிரிப்பூம்பட்டினம் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. கூடவே, இலங்கையில் பாரசீகக் கிறிஸ்தவர்களின் ஆலயம் இருக்கிறது, பாரசீகத்தில் குருப்பட்டம் பெற்றவர் அங்கே பணிபுரிகிறார், மலபாரிலும் ஆலயம் உண்டு என்கிறார். அக்கறையோடு இதைக் குறித்துவைத்ததற்குக் காரணம் உண்டு. பின்னாளில் கிழக்குத் திருச்சபையின் தலைவரான மார் அபாவிடம் பாடம் கேட்டவர் காஸ்மஸ்.

அவர் சொல்லும் ஒரு கதை சுவாரஸ்யமானது. சோபத்ரோஸ் என்ற ரோம வணிகரும் ஒரு பாரசீகரும் இலங்கை மன்னர் முன் நிற்கிறார்கள். யாருடைய அரசர் பெரியவர்? பாரசீகர் பெருமை அடிக்கிறார். சோபத்ரோஸ், 'இருவர் காசையும் பாருங்கள்' என்கிறார். அவருடையது பளபளக்கும் தங்கம், பாரசீகருடையது வெள்ளி. மன்னர் சோபத்ரோஸை யானை மேல் ஏற்றி, பறை முழங்க ஊர்வலம் விட்டாராம். கதையில் ரோமர் ஜெயித்தார். சந்தையில் ஜெயித்தது பாரசீகர்தான்.

பரங்கிமலைக் கல்

1547-ல் பரங்கிமலையில் போர்த்துகீசியர் அஸ்திவாரம் தோண்டியபோது ஒரு கல் சிலுவை வெளிப்பட்டது. அதில் இயேசுவின் உருவம் இல்லை. நுனிகள் மொட்டுப் போல விரிந்திருக்கின்றன, அடியில் தாமரை போல இலைகள், மேலிருந்து புறா ஒன்று இறங்குகிறது. சுற்றிலும் ஓடும் எழுத்து பஹ்லவி, அதாவது இடைக்காலப் பாரசீகம். வாசகத்தின் பொருளில் அறிஞர்களுக்குள் இன்னும் ஒற்றுமை இல்லை. காலத்தையும் ஆறிலிருந்து ஒன்பதாம் நூற்றாண்டு வரை பல விதமாகச் சொல்கிறார்கள். இதே ஜாடையில் கோட்டயம், கடமற்றம், முட்டுச்சிறை ஆகிய கேரள ஊர்களிலும் சிலுவைகள் உண்டு. இலங்கையின் அனுராதபுரத்திலும் 1912-ல் இந்தச் சாயலில் ஒன்று கிடைத்தது.

எபேசு சங்கத்தில் தோற்றுப்போன பக்கத்தோடு உறவு கொண்ட சபை, மவுண்ட் ரோடு பெயர் வாங்கிய அதே மலையில் ஒரு காலத்தில் வழிபட்டிருக்கிறது. 'பரங்கி' என்ற சொல் ஃபிராங்க் என்பதிலிருந்து வந்தது. சிலுவைப்போர்க் காலத்தில் மேற்கு ஐரோப்பியரைக் கிரேக்கரும் அரபிகளும் அழைத்த பெயர் அது. 1204-ல் கான்ஸ்டாண்டிநோபிளைச் சூறையாடியவர்களும் அந்த 'பரங்கி'கள்தான்.

தமிழகத்தில் அந்தப் பழைய சமூகம் தேய்ந்துபோனது. கேரளத்தில் நிலைத்தது. அதனால் வழக்கும் அங்கே தேடி வந்தது. 1599 ஜூனில் கொச்சி அருகே உதயம்பேரூரில் கோவா பேராயர் மெனேசிஸ் கூட்டிய சங்கம், நெஸ்தோரியஸைக் கண்டித்து, மரியாவைக் கடவுளின் தாய் என்று அறிக்கையிடச் சொன்னது. சிரியாக் மொழிச் சுவடிகள் திருத்தப்பட்டன, பல எரிக்கப்பட்டன. எபேசுவில் நடந்தது ஒரு வார்த்தைச் சண்டை என்று சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால், தலைமுறைகள் கையால் எழுதிக் காத்த பிரார்த்தனைகள் 1,168 ஆண்டு கழித்து அதற்காக எரிந்தன. கேரளக் கிறிஸ்தவத்தின் பழைய வரலாற்றில் இன்று இருக்கும் ஓட்டைகளுக்கு அந்த நெருப்பும் ஒரு காரணம்.

1653-ல் மட்டாஞ்சேரியில் சிலுவையில் கயிறு கட்டிப் பிடித்துக்கொண்டு, இனி அந்தத் தலைமைக்குப் பணியமாட்டோம் என்று பெருங்கூட்டம் சத்தியம் செய்தது. ஆயருக்காகக் காத்திருந்த அவர்களிடம் 1665-ல் வந்து சேர்ந்தவர் மார் கிரிகோரியோஸ். அவர் கிழக்குத் திருச்சபைக்காரர் அல்ல, யாக்கோபாயர். இங்கும் கான்ஸ்டாண்டிநோபிள் விடவில்லை! யாக்கோபு பரதேயுஸ் என்பவரின் பெயரால் வந்தது அந்தச் சபைப் பெயர். 543 வாக்கில் அவர் ஆயரானது பேரரசி தியோடோராவின் ஆதரவால். கணவர் ஜஸ்டினியன் ஒரு கட்சி, மனைவி மறு கட்சி. கந்தல் உடுத்திப் பிச்சைக்காரர் வேஷத்தில் சுற்றி, கணவரின் ஆட்களிடம் பிடிபடாமல், மனைவி காப்பாற்றிய சபையை யாக்கோபு வளர்த்தார். ஆவடி, அம்பத்தூர் பக்கம் வேலைக்கு வந்து தங்கிவிட்ட மலையாளக் குடும்பங்களில் இந்தச் சபையினர் இன்றும் உண்டு.

பொம்மை என்று சொல்லி ஒளித்த படங்கள்

இனி ஜெயித்தவர்களின் படத்துக்கு வருவோம். அதுவும் எளிதாகப் பிழைக்கவில்லை.

எட்டாம் நூற்றாண்டில் பைசாந்தியப் பேரரசர்களே புனிதப் படங்களுக்கு எதிராகத் திரும்பினார்கள். படத்தை வணங்குவது சிலை வழிபாடு என்பது வாதம். சுவர்ப் படங்கள் சுண்ணாம்பு பூசி மறைக்கப்பட்டன. பலகைப் படங்கள் அழிக்கப்பட்டன. எதிர்த்த துறவிகள் சித்திரவதைப்பட்டார்கள். 787-ல் ஐரீன் என்ற பேரரசி படங்களை மீட்டார். 815-ல் மறுபடி தடை. கடைசிப் படவெறுப்புப் பேரரசர் தியோஃபிலோஸ். அவர் மனைவி பெயரும் தியோடோரா. ஜஸ்டினியனின் மனைவி அல்ல, இவர் முந்நூறு ஆண்டுகள் பிந்தியவர்.

பைசாந்திய வரலாற்று நூலில் ஒரு குடும்பக் கதை வருகிறது. பேத்திகள் வரும்போதெல்லாம் பாட்டி பெட்டியைத் திறந்து, உள்ளே ஒளித்து வைத்த படங்களை எடுத்து முத்தமிடச் சொல்வாராம். 'பாட்டி வீட்டில் என்ன விளையாடினாய்?' என்று பேரரசர் கடைக்குட்டியிடம் கேட்க, பெட்டிக்குள் அழகழகான பொம்மை இருக்கிறது, முத்தம் கொடுத்தோம் என்று அது உளறிவிட்டது. பாட்டி வீட்டுக்குப் போவது நின்றது. அரண்மனைக் கோமாளி ஒருவன் பேரரசியையும் இப்படிப் பார்த்து அரசரிடம் சொல்லிவிட, கண்ணாடியில் தெரிந்த எங்கள் முகத்தைத்தான் பார்த்திருப்பான் என்று அவர் சமாளித்தாராம். கணவர் இறந்ததும், சின்னப் பையனுக்காக ஆட்சி நடத்திய தியோடோரா 843-ல் படங்களை நிரந்தரமாகத் திரும்பக் கொண்டுவந்தார். கிரேக்க, ரஷ்யத் திருச்சபைகள் இன்றும் அந்த நாளைத் தவக்காலத்தின் முதல் ஞாயிறில் கொண்டாடுகின்றன.

கான்ஸ்டாண்டிநோபிள் தளர்ந்து விழுந்தபோது ஓவியர்கள் பலர் வெனிஸ் ஆட்சியிலிருந்த கிரீட் தீவில் இருந்தார்கள். பாடுகளின் மாதா என்ற வகைப் படம் அங்கே பிரபலமானது. நம் சதா சகாய மாதா அந்த வகை. குழந்தை எதைப் பார்த்து மிரள்கிறது என்று தெரிய வேண்டுமானால் மேலே உள்ள இரண்டு தேவதூதர்களைப் பாருங்கள். மிக்கேல் ஈட்டியும் கடற்பஞ்சும் ஏந்தியிருக்கிறார். கபிரியேல் கையில் சிலுவையும் ஆணிகளும். தன் சாவின் ஆயுதங்களைப் பார்த்து ஓடிவந்து அம்மாவைப் பிடித்துக்கொள்ளும் பிள்ளை. கடவுள் துன்பத்துக்குள் வந்தாரா என்ற எபேசு கேள்விக்கு, கழன்று தொங்கும் ஒரு செருப்பை வைத்து ஓவியர் பதில் சொல்லியிருக்கிறார். ஆயர்களின் வாதங்களைவிட இந்தச் செருப்பு தெளிவாகப் பேசுகிறது.

மூலப்படம் கிரீட்டிலிருந்து ஒரு வணிகரால் ரோமுக்கு வந்து, 1499-ல் மத்தேயு ஆலயத்தில் வைக்கப்பட்டது என்பது மரபு. 1798-ல் பிரெஞ்சுப் படை நுழைந்த காலத்தில் அந்த ஆலயம் இடிக்கப்பட, படம் ஒரு மூலையில் மறக்கப்பட்டது. 1866-ல் திருத்தந்தை ஒன்பதாம் பயஸ் அதை ரெடம்ப்டரிஸ்ட் துறவிகளிடம் கொடுத்து, உலகம் முழுக்க அறியச் செய்யுங்கள் என்றார். அவர்கள் அச்சுப்படமாக்கிக் கொண்டுபோனார்கள். மும்பை மாஹிமில் 1948-ல் தொடங்கிய புதன்கிழமை நவநாளுக்கு மதம் பாராமல் கூட்டம் வருகிறது. தமிழகத்தில் ஊர் ஊராகச் சதா சகாய மாதா ஆலயங்கள். கிரேக்கம் ஓர் எழுத்தும் தெரியாத கோடிக்கணக்கான வீடுகளில் அந்த நான்கு எழுத்துகள்.

வழக்கில் தோற்றவர்கள்? திருச்சூரில் இருக்கிறார்கள். கல்தேய சிரியன் சபை என்ற பெயரில், கிழக்குத் திருச்சபையின் வாரிசாக, மார்த் மரியம் பெரிய பள்ளியில் இன்றும் வழிபடுகிறார்கள். ஆலயத்தின் பெயரைக் கவனித்தீர்களா? மரியாவின் பெயர்தான்.

1994 நவம்பர் 11 அன்று வாத்திகானில் திருத்தந்தை இரண்டாம் ஜான் பாலும், கிழக்குத் திருச்சபைத் தலைவர் நான்காம் மார் தின்காவும் ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டார்கள். ஒரு சபை மரியாவைக் கடவுளின் தாய் என்கிறது. மற்றொன்று நம் கடவுளும் மீட்பருமான கிறிஸ்துவின் தாய் என்கிறது. இரண்டும் ஒரே நம்பிக்கையைச் சொல்பவை, இரண்டும் சரி என்று அதில் எழுதியிருக்கிறது. எபேசு தீர்ப்புக்கு அப்போது வயது 1,563.